பள்ளியில் பச்சைப்பால் வேண்டவே வேண்டாம்

மகன் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் ஒருவர், பிள்ளைகளுக்குப் பாக்கெட் பால் வேண்டாம், கறந்த பாலைக் காய்ச்சாமல் அப்படியே கொடுக்கலாம், அதில்தான் சத்து முழுசாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார், கீழே இருபது பேர் கைதூக்கியிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

என் பாட்டி மாடு வைத்திருந்தவர். தன் கையால் கறந்த பாலைக்கூட பொங்கக் காய்ச்சாமல் எங்களுக்குத் தந்ததில்லை.

பாக்கெட் பாலுக்குச் செய்யும் பாஸ்டரைசேஷன் என்பது கிருமிகளைக் கொல்லப் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைப்பது, அவ்வளவுதான். கால்சியமும் புரதமும் எங்கும் போகாது, சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். ஆனால் மாடு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் மடியில் ஒட்டிய துளி சாணம் போதும், ஈ.கோலை என்ற கிருமி பாலில் இறங்கிவிடும், அதில் ஒரு வகை சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். காய்ச்சல் வரவைக்கும் புரூசெல்லா கிருமி, மாட்டுக் காசநோய் எல்லாம் அப்புறம். ஸ்காட்லாந்தில் 1983இலேயே பச்சைப் பசும்பால் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

வீட்டில் ஒரு டம்ளர் என்றால் ஒரு பிள்ளை. பள்ளியில் ஒரே கேனிலிருந்து நூறு பிள்ளைகள் குடிப்பார்கள், அதில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு தாங்காது என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்து ஊர்ப் பாலையே வாங்கட்டும், மாடு வளர்ப்பவருக்கும் நாலு காசு கிடைக்கும். பள்ளிச் சமையலறையில் நன்றாகக் காய்ச்சிக் கொடுக்கட்டும். சனிக்கிழமைக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன், வரக்கூடியவர்கள் தயவுசெய்து வாருங்கள்.