குறைந்த விலை மடிக்கணினியில் முதலில் பார்க்க வேண்டியவை

மடிக்கணினி வாங்கப் போகிறவர்களிடம் நாகர்கோவில் கடைகளில் முதலில் சொல்லப்படுவது செயலியின் (பிராசசர்) பெயர்தான். குலசேகரத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தின் கணக்கு, பட்டா, வில்லங்கச் சான்று போன்ற இணைய வேலைகள், தமிழில் எழுதுவது, வளைகுடாவில் இருக்கும் தம்பியோடு காணொளியில் பேசுவது ஆகிய எல்லாவற்றையும் குறைந்த விலையில் வாங்கிய, ஒன்றேகால் கிலோ எடையுள்ள ஒரே கருவியில் செய்துவருகிறேன். அந்த விலையில் வாங்குகிறவர் செயலியைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். ரேம் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் தற்காலிக நினைவகம்), சேமிப்பகம், திரை ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். எடை குறைந்த கருவிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருவதால், வாங்கிய பிறகு அதைக் கூட்டிக்கொள்ள வழியே இருப்பதில்லை.

என் கருவியில் இருப்பது இன்டெல் என்100 என்னும் செயலி. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த இதில் கோர் எனப்படும் கணிப்பு அலகுகள் நான்கு உள்ளன; இது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் 6 வாட் வகையைச் சேர்ந்தது. அதிகம் சூடாகாததால் விசிறியே இல்லாமல் இதை வைத்துக் கருவி செய்ய முடிகிறது. குளச்சல், முட்டம் பக்கத்தில் சன்னல் கம்பிகளை உப்புக்காற்று எப்படி அரிக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, வெளிக்காற்றை உள்ளே இழுக்காத கணினியின் அருமை புரியும். இணையப் பக்கங்கள், விரிதாள், காணொளி ஆகியவற்றுக்கு இந்தச் செயலி தாராளமாகப் போதும். இன்றைய காணொளிகளில் பரவிவரும் ஏ.வி.1 என்னும் சுருக்க வடிவத்தை விரிக்க இதில் தனி வன்பொருள் இருப்பதால், படம் ஓடும்போதும் மின்கலம் விரைவாகத் தீர்வதில்லை. காணொளித் தொகுப்பு, பெரிய விளையாட்டுகள் போன்றவற்றுக்கு இது ஏற்றதன்று.

ரேமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-க்குக் குறைந்த அளவுத் தேவை 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் ஆகும். இந்த அளவில் விண்டோஸை நிறுவ முடியும் என்பது உண்மை. நிம்மதியாக வேலை செய்ய முடியும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெட்டிய பால், அடித்த ஷீட், ஒட்டுப்பால், வெட்டுக்கூலி ஆகியவற்றைப் பதிந்து வைத்திருக்கும் லிப்ரே ஆபீஸ் விரிதாளைத் திறந்து, கோட்டயத்தின் ஆர்.எஸ்.எஸ்.4 ரக ரப்பர் ஷீட் விலை, வங்கிப் பக்கம், மின்னஞ்சல் ஆகியவற்றையும் உலாவியில் திறந்து வைத்தால், 4 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் இயங்குதளம் ரேமில் உள்ளவற்றைச் சேமிப்பகத்துக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்கும். அந்தச் சேமிப்பகமும் விலையும் வேகமும் குறைவான இ.எம்.எம்.சி. வகையாக இருந்தால், சுட்டியை அழுத்திவிட்டுக் காத்திருப்பதே வேலையாகிவிடும். மக்கள் இதைச் செயலியின் குறை என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் தடை இருப்பது ரேமிலும் சேமிப்பகத்திலும்தான். மேலும், 64 ஜிபியில் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் இடம் பிடித்துக்கொண்ட பிறகு நம் கோப்புகளுக்கு மிஞ்சுவது சொற்பமே. ஆகவே 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) என்பதற்குக் கீழே எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்றே கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

திரையைத் தமிழ் படிப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். 14 அங்குலத் திரையில் 1366-க்கு 768 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 112 புள்ளிகள்தான் அமையும். 1920-க்கு 1080 என்றால் அது 157 ஆகிறது. ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போகலாம். தமிழில் மெய்யெழுத்தின் மேற்புள்ளி, இகர ஈகாரச் சுழிகள், ண-வுக்கும் ன-வுக்கும் உள்ள வேற்றுமை எல்லாம் சிறிய அளவில் குழம்பிவிடுகின்றன. பட்டாவில் புல எண்ணும் உட்பிரிவும் சரிதானா என்று பார்க்கும்போதும், நீண்ட கட்டுரையைப் பிழை திருத்தும்போதும், மங்கிய திரையில் கண்தான் முதலில் களைக்கிறது. ஐ.பி.எஸ். வகைத் திரையாக இருந்தால், வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் நிறம் மாறாமல் பார்க்கலாம்.

எடை குறைவாக இருப்பதன் பயன் தக்கலை வழியாக நாகர்கோவில் செல்லும் பேருந்தில் நின்றுகொண்டே போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கருவியோடு மின்னூட்டியின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். டைப்-சி வழியாக மின்னேற்றும் கருவி என்றால் தனியாக ஒரு கனமான மின்னூட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. பவர் டெலிவரி என்னும் டைப்-சி மின்னேற்ற முறையில் 45 வாட் தரும் சிறிய மின்னூட்டி ஒன்றே கைப்பேசிக்கும் போதும். மின்கலம் 38 வாட்-மணி, வேலையின்போது செலவு 7 அல்லது 8 வாட் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரம் கிடைக்கும். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறுகிற நம் மாவட்டத்தில், மரக்கிளை விழுந்து மின்சாரம் போகும் நாள்களில் இந்த ஐந்து மணி நேரம் பெரிய உதவி.

புதிதாக வாங்கும் வசதி இல்லாதவர்கள் பழையதைக் கழித்துவிட வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கருவிகள் பல வீடுகளில் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இத்தகைய பழைய கருவிகள் விண்டோஸ் 11-இன் தகுதிக்குள் வருவதில்லை. அவற்றில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை நிறுவினால், கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் நன்றாகவே பயன்படும். இதற்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும். 4 ஜிபி இருந்தால் வசதி. தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கிறது. அமைப்புகளில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும்.