மூணாவது காம் போர்ட் வேலை செய்யலன்னா உடனே மதர்போர்டை மாத்திடாதீங்க

எங்க வே பிரிட்ஜ்ல (லாரி எடை போடுற இடம்) ஓடுறது விண்டோஸ் 98 போட்ட பழைய பென்டியம் 3. காம் 1ல (காம்னா பின்பக்கம் இருக்குற சீரியல் போர்ட்) சீரியல் மவுஸ், காம் 2ல எடையைக் காட்டுற இண்டிகேட்டர். லாரிக்காரங்க வெளிய இருந்து பாக்குற பெரிய டிஸ்ப்ளேக்கு இன்னொரு போர்ட் வேணும்னு பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்ல மாட்டுற ஐஓ கார்டு (கூடுதல் போர்ட் தர்ற கார்டு) ஒண்ணு வாங்கிப் போட்டோம். அதுல இருக்குற ஐடிஈ (ஹார்ட் டிஸ்க் இணைப்பு), ஃப்ளாப்பி ரெண்டையும் ஜம்பர்ல (கார்டு மேல இருக்குற குட்டி செருகி) ஆஃப் பண்ணியாச்சு, விண்டோஸும் காம் 3னு காட்டுச்சு, ஆனா சாஃப்ட்வேர் அந்த போர்ட்டைத் தொட்ட உடனே மவுஸ் அப்படியே நின்னுடும்.

சர்வீஸுக்கு வந்தவர் கேபினட்டைக் கழட்டிக்கூடப் பாக்காம "மதர்போர்டு போச்சு சார், புது சிஸ்டம் வாங்கிடுங்க"ன்னுட்டார். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. போர்டுல ஒரு கோளாறும் இல்லங்க. காம் 1க்கும் காம் 3க்கும் வழக்கமா ஐஆர்க்யூ (போர்ட் ப்ராசஸரைக் கூப்பிடுற லைன்) 4 தான், காம் 2க்கும் காம் 4க்கும் ஐஆர்க்யூ 3. ஐஎஸ்ஏ கார்டுங்க ஒரே ஐஆர்க்யூவை ஒரே நேரத்துல பங்கு போட்டுக்காது, அவ்ளோதான் விஷயம்.

எங்க மெஷின்ல சவுண்ட் கார்டு இல்லாததால ஐஆர்க்யூ 5 காலியா இருந்துச்சு. கார்டு ஜம்பரை 5க்கு மாத்தி, பயாஸ்ல பிஎன்பி (பிளக் அண்ட் ப்ளே) பக்கத்துல ஐஆர்க்யூ 5ஐ லெகசி ஐஎஸ்ஏன்னு, அதாவது பழைய ஐஎஸ்ஏ கார்டுக்குன்னு ஒதுக்கி வச்சு, டிவைஸ் மேனேஜர்ல ஆட்டோமேட்டிக் டிக்கை எடுத்துட்டு அட்ரஸ் 3E8, ஐஆர்க்யூ 5னு கையாலயே குடுத்தேன். மவுஸ் நிக்கல! ஆனா டிஸ்ப்ளே இருட்டாவே இருந்துச்சு.

சீரியல் போர்ட்டை டெஸ்ட் பண்ண விண்டோஸ்ல இருக்குற ஹைப்பர் டெர்மினல்ல ஃப்ளோ கன்ட்ரோலை "None"னு வச்சு (இதை விட்டா டைப் பண்றது வெளியவே போகாம நின்னுடலாம்), கேபிள் நுனியில 2, 3 பின்னை (ஒண்ணு அனுப்புறது, ஒண்ணு வாங்குறது) ஒரு கம்பியால சேத்து டைப் பண்ணிப் பாத்தா ஒரு எழுத்தும் திரும்பி வரல. அப்பதான் கேபிள் மேல சந்தேகம் வந்துச்சு. கார்டுல இருந்து பின்பக்கம் வர்ற அந்த 10 பின் கேபிள்ல ரெண்டு வகை இருக்கு, பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணுல 9 பின் கனெக்டரோட 5வது பின், அதாவது கிரவுண்ட், கார்டு பக்கம் 5க்கே போகும், இன்னொண்ணுல 9க்குப் போகும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு கையில கிடைச்சதைக் குடுத்து அனுப்பியிருக்கார்.

மல்டிமீட்டரை பீப்ல வச்சு, கார்டோட தகட்டுக்கும் அந்த 10 பின்னுக்கும் நடுவுல தொட்டுப் பாருங்க, எது கத்துதோ அது கிரவுண்ட். கேபிளோட 5வது பின் சரியா அங்க வந்து சேருதான்னு பாத்துட்டு வாங்குங்க. சரியான கேபிள் மாட்டினதும் டைப் பண்ணின எழுத்து திரும்பி வந்துச்சு, டிஸ்ப்ளேலயும் எடை ஓட ஆரம்பிச்சுது.

இன்னொண்ணு, காம் 4 பக்கம் போறவங்க டிஸ்ப்ளே கார்டு என்னன்னு பாத்துக்கோங்க. பழைய எஸ்3 கார்டுங்க 2E8 அட்ரஸை எடுத்துக்கும், காம் 4க்கும் வழக்கமா அதே 2E8 தான்.