பாம்பெர்க் பக்கம் மூன்று நாள் பீர் பயணம்: திட்டம் போடும்போது கவனிக்க வேண்டியவை

ஜெர்மனி, பீர் என்று சேர்த்துச் சொன்னாலே மியூனிக் அக்டோபர் திருவிழாதான் நினைவுக்கு வரும். அந்தத் திருவிழாவில் ஊற்றுவது ஆறு பெரிய ஆலைகளின் பீர் மட்டுமே. குடும்பமாக நடத்தும் சின்ன ஆலை, அதன் முன்கட்டிலேயே சாப்பாட்டுக்கடை, பின்கட்டில் காய்ச்சும் பாத்திரம் என்று பார்க்க வேண்டுமானால் பவேரியாவின் வடக்கே, பாம்பெர்க் நகரம் இருக்கும் மேல் ஃபிராங்கோனியா பகுதிக்குப் போக வேண்டும். நியூரம்பெர்க், எர்லாங்கன் பக்கம் வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் தமிழர்களுக்கு இது எஸ்-1 என்ற புறநகர் ரயில் ஓடும் தூரம்தான். மியூனிக்கிலிருந்து வருபவர்களுக்கும் மூன்று நாள் போதும்.

நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போது முதலில் எல்லோரும் செய்வது, வாட்ஸ்அப் குழுவில் ஆலைகளின் பட்டியல் போடுவது. ஆளுக்கு மூன்று சேர்த்தால் பதினைந்து வந்துவிடும். அங்கேதான் பயணம் கெட ஆரம்பிக்கிறது. இந்த ஊர்களில் முதலில் முடிவு செய்ய வேண்டியது கிழமை, ஆலை அப்புறம்.

காரணம், வார விடுமுறை. ஒவ்வொரு ஆலைக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ 'ரூஹெடாக்' உண்டு. பெரும்பாலும் திங்கள், செவ்வாய். ஆனால் எல்லோரும் அப்படியல்ல. இது போக, வருடத்தில் ஓரிரு வாரம் குடும்பமே கடையைப் பூட்டிவிட்டு விடுப்பில் போய்விடும். வரைபடச் செயலி 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை நம்பாதீர்கள். ஆலையின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள், கிராமத்து ஆலை என்றால் முந்தைய வாரம் ஒரு போன் செய்துவிடுங்கள். அடுப்பு நேரம் வேறு தனி. கடை இரவு வரை திறந்திருக்கும், ஆனால் சமையலறை மதியம் இரண்டு மணியோடு அணைந்து, மாலை ஐந்தரைக்கு மேல்தான் மறுபடி எரியும். மூன்று மணிக்குப் பசியோடு போய் நின்றால் ரொட்டியும் குளிர்ந்த இறைச்சித் தட்டும்தான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் வெள்ளி முதல் ஞாயிறு வரை சரியாக வரும். வெள்ளி பாம்பெர்க், சனி அவுஃப்செஸ் என்ற கிராமம், ஞாயிறு ஃபோர்ஹைம் நகரம். மாதம், மே முதல் செப்டம்பர் வரை. அதற்குப் பிறகும் போகலாம், ஆனால் திறந்தவெளி இடங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் போவதற்கு இருக்கும் ஒரே நல்ல காரணம் 'போக்' எனப்படும் கனமான பருவகால பீர்.

அடுத்தது வண்டி. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஓட்டுநருக்கு வரம்பு ரத்தத்தில் 0.5 புரோமில் ஆல்கஹால், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு. அதைத் தாண்டினால் முதல் முறையே 500 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவில் இரண்டு தண்டப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. 21 வயது நிரம்பாதவருக்கும் உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு சோதனைக் காலத்தில் இருப்பவருக்கும் வரம்பு பூஜ்யம். வண்டி தடுமாறினாலோ இடித்தாலோ 0.3 இருந்தாலே வழக்கு. சைக்கிள் ஓட்டினால் தப்பிக்கலாம் என்பதும் முழு உண்மையல்ல, 1.6-ஐத் தாண்டினால் அதுவும் குற்றம். மின் ஸ்கூட்டருக்குக் காரின் வரம்பேதான்.

கணக்கு இப்படிப் போகும். ஐந்து சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு அது 0.4 புரோமில் அளவுக்கு ஏற்றும், 55 கிலோ பெண்ணுக்கு 0.6. அதாவது சிலருக்கு ஒரே கோப்பையில் வரம்பு தாண்டிவிடுகிறது. உடல் அதை எரிப்பதோ மணிக்கு 0.1 முதல் 0.15 வரைதான். மாலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஐந்து கோப்பை குடித்த 70 கிலோ ஆளுக்கு, மெதுவாக எரியும் உடல் என்று வைத்துக் கணக்கிட்டால், மறுநாள் காலை எட்டு மணிக்கும் 0.6 மிச்சம் இருக்கலாம். 'இன்னைக்கு நீ ஓட்டு, நாளைக்கு நான் ஓட்டறேன்' என்று முறை வைத்துக்கொள்வது கேட்க நியாயமாக இருக்கும். இந்தக் கணக்கின் முன் அது நிற்காது. மூன்று நாளுக்கும் ஒரே ஓட்டுநர், அவர் குடிக்காதவர் என்பதே சரி. எந்தத் தமிழ் நண்பர் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருடைய சாப்பாட்டுச் செலவு மற்றவர்கள் தலையில் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ஆல்கஹால் இல்லாதது என்று விற்கும் பீரிலும் 0.5 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. முழுப் பூஜ்யம் வேண்டுமானால் ஆப்பிள் சாறில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்ல'.

இன்னொரு வழி, காரே இல்லாமல் போவது. பாம்பெர்க்கும் ஃபோர்ஹைமும் எஸ்-1 பாதையிலேயே இருக்கின்றன. நாடு முழுதும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இருப்பவருக்கு வேறு சீட்டு வேண்டாம். இல்லாதவர்கள் ஐந்து பேர் வரை ஒரே பயர்ன் டிக்கெட்டில் (பவேரியாவுக்கான ஒரு நாள் சீட்டு) போகலாம். வேலை நாளில் காலை ஒன்பதுக்கு முன் அது செல்லாது. சிக்கல் அவுஃப்செஸ் மட்டும்தான். அங்கே ரயில் இல்லை, பேருந்தும் குறைவு. பாம்பெர்க்கிலிருந்து 35 கிலோமீட்டர் வாக்கில் இருப்பதால் அந்த ஒரு துண்டுக்கு டாக்ஸி பேசி, செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: சின்ன ஊர்களில் பல வாடகை நிலையங்கள் சனி மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

இனி வெள்ளிக்கிழமை. பாம்பெர்க்கில் எல்லாமே நடக்கும் தூரம். பெட்டியை அறையில் போட்டுவிட்டு இறங்கலாம். பெயர்பெற்றது புகை பீர் என்பதால் பலர் நேராக அதைக் காய்ச்சும் ஷ்லெங்கர்லா ஆலைக்கு ஓடுவார்கள். அது வரிசைப் பிழை. புகை நாக்கில் ஏறிவிட்டால் அடுத்து வரும் மென்மையான பீர் எல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கும். தெற்கே வுண்டர்புர்க் பகுதியில் தொடங்குங்கள். அங்கே கீஸ்மன், மார்ஸ் பிரோய் என்ற இரண்டு ஆலைகளும் ஒரே தெருவில் எதிரெதிரே. கீஸ்மனில் கசப்பு துல்லியமாக இருக்கும் ஹெரன் பில்ஸ். மார்ஸில் 'ஊ' என்று ஒற்றை எழுத்தைச் சொல்லிக் கேட்டாலே கொண்டு வருவார்கள்: வடிகட்டாதது, முதிரும்போது கலனை இறுக மூடாமல் விடுவதால் வாயு குறைந்தது, வயிற்றை உப்பச் செய்யாது. உள்ளே இடமில்லையென்றால் நடைபாதையில் நின்றே குடிக்கலாம், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் நிற்பார்கள்.

அங்கிருந்து மேல் கோனிக்ஷ்ட்ராசவுக்கு நடந்தால் ஃபெஸ்லாவும் ஷ்பெட்சியாலும் அதே போல எதிரெதிர் வாசல். ஷ்பெட்சியாலில் புகை மெல்லிசு. புகை பீருக்கு நாக்கைப் பழக்க இதைவிட நல்ல இடம் இல்லை. கடைசியாக ஆற்றைத் தாண்டிப் பழைய நகரத்தில் ஷ்லெங்கர்லா. பீச் மரத்தீயில் புகைத்த மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) காய்ச்சிய மெர்சன் வகை பீர், 5.1 சதவீதம், மரப்பீப்பாயிலிருந்து நேராக வரும். அந்தக் காலத்தில் மால்ட்டை நெருப்பின் மேலேயே உலர்த்தியதால் எல்லா பீரிலும் கொஞ்சம் புகை இருந்தது. புகையில்லாத சூளை வந்ததும் மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டார்கள், இந்த இரண்டு ஆலைகளும் விடவில்லை. முதல் மிடறில் புகைபோட்ட இறைச்சி வாசம்தான் அடிக்கும். பாதிக் கோப்பைக்கு மேல் மூக்கு பழகிவிடும், அடியில் இருக்கும் மால்ட் இனிப்பு அதன் பிறகுதான் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டு வேண்டாம் என்று தள்ளுகிற நண்பர் உண்டென்றால் அவருக்கு அங்கேயே வெளிர் நிறமான ஹெல்லஸ் பீர் வாங்கிக் கொடுங்கள். அதில் புகைத்த மால்ட் கிடையாது, அதே ஆலையின் பாத்திரமும் ஈஸ்டும் பட்ட வாசம் மட்டும் இருக்கும்.

ஒரே நாளில் ஐந்து ஆலை என்றால் ஐந்து முழுக் கோப்பை என்று ஆகக் கூடாது. இங்கே அரை லிட்டர்தான் இயல்பான அளவு, 'சைட்லா' என்பார்கள். நாலு சின்னக் கிளாஸில் ருசி பார்க்கக் கொடுக்கும் பழக்கம் பழைய கடைகளில் இல்லை. இரண்டு பேர் ஒரு கோப்பையைப் பகிரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கிளம்பும் முன் கடைசிக் கோப்பையாக 'ஷ்னிட்' கேட்கலாம்: அரை லிட்டர் கோப்பையில் வேகமாக ஊற்றி, பாதிக்கு மேல் பீரும் மீதி நுரையுமாக, குறைந்த விலைக்குத் தருவார்கள். அது கடைசிக் கோப்பைக்கான வழக்கம். உட்கார்ந்ததும் கேட்டால் பரிமாறுபவர் முகம் மாறும்.

மேசைப் பழக்கமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இடமில்லை என்று திரும்பாதீர்கள், பாதி காலியான மேசையில் 'இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை' (இங்கே இடம் காலியா) என்று கேட்டு உட்காருவதுதான் இங்கே முறை. 'ஷ்டாம்டிஷ்' என்று பலகை வைத்த மேசையில் மட்டும் உட்காரக் கூடாது, அது வாடிக்கைக்காரர்களுடையது. கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் ஒவ்வொரு பீருக்கும் ஒரு கோடு போடுவார்கள். அதுதான் உங்கள் பில். கிழித்து விளையாடக் கூடாது. கிராமங்களில் பல இடங்களில் ரொக்கம் மட்டுமே. அரை லிட்டர் 4 யூரோவை ஒட்டி இருக்கும், கிராமத்தில் அதைவிடக் குறையும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 யூரோ நோட்டாகக் கையில் இருந்தால் சாப்பாடும் சேர்ந்து சமாளிக்கலாம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கு சாலட் என்றால் சைவம் என்று நினைத்துவிடுவோம். இந்தப் பக்கம் அதை இறைச்சிச் சாறு விட்டுத்தான் பிசைவார்கள். 'க்ளோஸ்' எனும் உருளைக்கிழங்கு உருண்டையின் மேல் ஊற்றும் குழம்பும் பன்றியிலிருந்து வந்ததே. பயமில்லாமல் கேட்கக்கூடியது, சீஸையும் வெண்ணெயையும் பாப்ரிகா மிளகாய்த்தூளோடு பிசைந்த 'கெருப்ஃப்டர்'. சீஸ் சேர்த்த மாவுத் துண்டுகளான கேஸ்ஷ்பெட்ஸ்லவும் உண்டு, மேலே பன்றிக்கொழுப்புத் துண்டு தூவுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைதான் இந்தப் பயணத்தின் மையம். அவுஃப்செஸ் ஊராட்சியில் ஆயிரத்துச் சொச்சம் பேர், நான்கு ஆலைகள். தலைக்கு இத்தனை ஆலை என்ற கணக்கில் கின்னஸ் சாதனை வாங்கிய இடம். அவுஃப்செஸில் ரோட்டன்பாக், ஹெக்கன்ஹோஃபில் காத்தி பிரோய், ஹோக்‌ஷ்டாலில் ரைஹோல்ட், சாக்சன்டோர்ஃபில் ஷ்டாட்டர். நான்கையும் வட்டமாக இணைக்கும் நடைபாதை சுமார் 14 கிலோமீட்டர். அட்டை வாங்கி நான்கிலும் முத்திரை குத்திக்கொண்டால் சான்றிதழ் கூடத் தருவார்கள்.

மணிக்கு நாலு கிலோமீட்டர் நடை என்றால் மூன்றரை மணி நேரம், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முக்கால் மணி வீதம் மூன்று மணி. காலை பத்தரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்து மணிக்கு வட்டம் முடியும். மதியச் சாப்பாட்டை இரண்டாவது ஆலையில் வையுங்கள். மூன்றாவதுக்குத் தள்ளினால் சமையலறை மூடியிருக்கும், வெறும் வயிற்றில் மூன்றாவது கோப்பை போகும், பிற்பகலில் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். வயல் நடுவே நிழல் குறைவு என்பதால் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம், ஆலைக்கு ஆலை நிரப்பிக்கொள்ளலாம். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காத்தி பிரோயில் வார இறுதியில் மோட்டார் சைக்கிள் கூட்டம் நெரியும். அமைதி வேண்டுமானால் அதையே முதலாவதாக வைத்துக் காலையிலேயே முடித்துவிடலாம். அங்கே கிடைப்பது கருநிற லாகர், அதற்கு மேல் பட்டியல் எதிர்பார்க்க வேண்டாம்.

நான்கு கோப்பை, 80 கிராம் ஆல்கஹால். ஐந்து மணிக்கு 70 கிலோ ஆளுக்கு ஒரு புரோமிலை ஒட்டி இருக்கும். அதனால் ராத்தங்கல் அங்கேயே. ரோட்டன்பாக்கில் அறைகள் உண்டு, ஆனால் கோடை வார இறுதிக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே கேட்க வேண்டும். அறை கிடைத்த தேதியை வைத்து மற்ற எல்லாவற்றையும் அமைப்பது எளிது, தலைகீழாகச் செய்வது கடினம்.

ஞாயிறு ஃபோர்ஹைமின் கெல்லர்வால்ட். பீரைக் குளிரவைக்க மலைப்பாறையைக் குடைந்து நிலவறை போட்டார்கள், மேலே வெயில் படாமல் இருக்க மரங்கள், மரத்தடியில் மேசைகள். ஒரே காட்டுச் சரிவில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள். இங்கே நமக்கு வசதியான வழக்கம் ஒன்று உண்டு. துணி விரிக்காத மேசை என்றால் பெரும்பாலும் சொந்தச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம், பீரை மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும். எலுமிச்சை சாதமும் உருளை வறுவலும் கொண்டு போங்கள், காரத்துக்கு லாகர் நன்றாக ஈடுகொடுக்கும். எல்லாக் கடையும் அனுமதிப்பதில்லை, உட்காரும் முன் கேளுங்கள். மழை வந்தால் பல இடங்கள் திறக்கவே மாட்டார்கள். அன்றைக்கு ஊருக்குள் இருக்கும் ஹெபன்டான்ஸ், நேடர், கிரைஃப், ஐக்ஹார்ன் ஆலைகளில் எது திறந்திருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்திருங்கள். ஜூலை கடைசியில் அன்னாஃபெஸ்ட் நடக்கும் பத்துப் பதினொரு நாளும் இதே காடு திருவிழாக் கூட்டம். நிதானமாக உட்கார நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

வீட்டுக்கு வாங்கிப் போவதில் புகை பீர் பாட்டில் பயணத்தைத் தாங்கும். வடிகட்டாத, வாயு குறைந்த வகைகள் வெயிலில் கார் டிக்கியில் கிடந்தால் ருசி போய்விடும், அவற்றை அங்கேயே குடித்துவிடுவது உத்தமம். இருபது பாட்டில் பெட்டிக்கு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணம் 3.10 யூரோ: பாட்டிலுக்கு 8 சென்ட், பெட்டிக்கு 1.50. கம்பி மூடி பாட்டில் என்றால் ஒவ்வொன்றுக்கும் 15 சென்ட். ஊருக்குக் கொண்டு போக நினைப்பவர்களுக்கு இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதாவது நான்கு அரை லிட்டர் பாட்டில்கள். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியின் நடுவில், துணி சுற்றி, தனித்தனி பிளாஸ்டிக் பையில்.