கரைக்கு எடுத்துச் செல்லக் கூடாத காலை உணவு

சிட்னியிலிருந்து புறப்பட்டு நியூசிலாந்தின் துறைமுகங்களைச் சுற்றி வரும் சொகுசுக் கப்பலொன்றில், பஃபே உணவகத்தின் மேற்பார்வையாளராகச் சில பருவங்கள் பணியாற்றினேன். இட்ட வேலை உணவு பரிமாறுவதை மேற்பார்ப்பதுதான் என்றாலும், கப்பல் கரையைத் தொடும் நாள்களில் என் காலைப்பொழுதின் பெரும்பகுதி, பரிமாறிய உணவு கப்பலை விட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்வதிலேயே கழிந்தது. மேசையில் வைத்த ஆப்பிளை ஒருவர் அங்கேயே கடித்துத் தின்றால் அது எங்கள் உபசாரம். அதே ஆப்பிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினால் அது நியூசிலாந்தின் உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிய செயல். 1993ஆம் ஆண்டுச் சட்டம் அது. அறிவிக்காமல் கொண்டுவந்த பழத்துக்கு அதிகாரி அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன் என்பது அங்கே செல்லுபடியாவதில்லை.

பயணிகளின் மனநிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் சாப்பாட்டுக்கான பணத்தை அவர்கள் பயணச்சீட்டோடு சேர்த்தே கட்டிவிடுகிறார்கள். எனவே பஃபேயில் இருப்பதெல்லாம் தமக்குரியது என்ற எண்ணம் இரண்டாம் நாளிலேயே வந்துவிடும். கரையில் ஏற்பாடு செய்யப்படும் பேருந்துச் சுற்றுலாவோ காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை வரை நீளும். பலவற்றில் மதிய உணவு கிடையாது. நியூசிலாந்தின் உணவகங்களில் விலையும் குறைவில்லை. ஆகவே காலையில் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் வைத்து, துணி நாப்கினில் சுற்றி, அதன் மேல் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துக் கட்டிக்கொள்வது குடும்பத் தலைவிகளுக்கு இயல்பாக வரும் சிக்கனம். அதைத் திருட்டைப் போலப் பார்த்த பணியாளர்கள் எங்களிடையே இருந்தார்கள். எனக்கு ஒருபோதும் அப்படித் தோன்றியதில்லை.

சிக்கல் பழத்தில் இருக்கிறது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத வகையில் இருக்கிறது. பெண் பழ ஈ தன் முட்டைகளைத் தோலுக்கு அடியில் இடும். வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு தடம் தவிர வேறெதுவும் இராது. புழு உள்ளே வளரும். பழத்தைப் பாதி தின்றவர் கெட்டுவிட்டதென்று சாலையோரத்தில் எறிந்தால், அந்தப் புழு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். 2015 பிப்ரவரியில் ஆக்லாந்து நகரின் கிரே லின் பகுதியில் குயின்ஸ்லாந்துப் பழ ஈக்கள் பொறியில் சிக்கின. அந்த வட்டாரத்து மக்கள் தம் தோட்டத்துப் பழங்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்ற கட்டுப்பாடு மாதக்கணக்கில் நீடித்தது. ஈ முற்றிலும் ஒழிந்ததென்று அறிவிக்க அந்த ஆண்டின் இறுதி வரை ஆயிற்று. எங்கள் கப்பல் புறப்படுவதோ அந்த ஈ இயல்பாகவே வாழும் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையிலிருந்து.

துறைமுகங்களின் அமைவிடமும் இதைக் கூர்மையாக்குகிறது. நேப்பியரில் கப்பல் கட்டினால் சுற்றிலும் ஹாக்ஸ் பே ஆப்பிள் தோட்டங்கள். தௌரங்காவில் கட்டினால் சற்றுத் தொலைவில் தே புக்கே, அந்நாட்டின் கிவிப் பழச் சாகுபடியின் நடுவிடம். 2010 நவம்பரில் பி.எஸ்.ஏ. என்னும் பாக்டீரியா நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது அந்தத் தே புக்கேயில்தான். அதன்பின் அப்போது பெயர்பெற்றிருந்த மஞ்சள் சதைக் கிவி ரகத்தின் கொடிகளை வெட்டிவிட்டு வேறு ரகத்தை ஒட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. அந்த நோய் எந்தச் சுற்றுலாப் பயணியின் பையிலும் வந்ததென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதைக் கண்ட மக்கள் வாழும் ஊரில், கப்பலிலிருந்து இறங்கி நேரே மவுன்ட் மாங்கனூய் கடற்கரைக்கு நடந்து போகும் ஒருவர் கையில் பழத்தோடு நிற்பதை அதிகாரிகள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்பதைப் புதிதாகச் சேர்ந்த பணியாளர்களுக்கு விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்பட்டதில்லை.

இறைச்சியின் கதை இன்னும் கடுமையானது. 2007இல் ஜார்ஜியா நாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, கருங்கடல் துறைமுகமான போத்தியில் கப்பலிலிருந்து இறக்கிய உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதே காரணமாக இருக்கலாமென்று வல்லுநர்கள் கருதினர். அங்கிருந்து அந்த நோய் ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா எனப் படர்ந்தது. மனிதரை அது தொடாது. ஆகவே நல்ல சுவையோடு இருக்கும் தொடைக்கறித் துண்டு நோயைச் சுமக்கக்கூடும் என்பதைத் தின்றுகொண்டிருப்பவரிடம் சொல்லி நம்பவைப்பது கடினம். 2001இல் பிரிட்டனில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல நேர்ந்த கோமாரி நோயின் தொடக்கமும், சரியாகக் கொதிக்க வைக்காத எச்சில் உணவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையில்தான் என்று முடிவு கட்டினார்கள்.

விதிகளை விளக்கும்போது எங்களைத் திணறடித்தது தேன். தொழிற்சாலையில் அடைத்து மூடிய பிஸ்கட், சாக்லேட், உருளைக்கிழங்கு வறுவல் போன்றவற்றைப் பொதுவாகக் கொண்டுபோகலாம் என்று சொல்லியிருந்தோம். அதைக் கேட்டவர்கள், மூடி பிரிக்காததெல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு, காலைமேசையில் வைத்திருந்த கட்டைவிரல் அளவுள்ள தேன் டப்பாக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். தேனீக்களின் நோய்கள் தேன் வழியாகவும் பரவும் என்பதால் நியூசிலாந்து வெளிநாட்டுத் தேனைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. மூடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இன்னொரு கேள்வி நியாயமானது. அதை ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் தவறாமல் கேட்பார்கள். ஆப்பிளின் மேல் நியூசிலாந்து என்று ஒட்டியிருக்கிறதே, அது விளைந்த நாட்டிலேயே அதை இறக்கக் கூடாதா என்பார்கள். கப்பலின் குளிர்கிடங்கில் பல நாட்டுச் சரக்கும் அருகருகே அடுக்கியிருக்கும். ஒரே கூடையில் மூன்று துறைமுகங்களின் பழங்கள் சேர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் சீட்டு, பழம் எங்கே விளைந்தது என்பதைச் சொல்லுமேயன்றி அது பிறகு எதனோடு கிடந்தது என்பதைச் சொல்லாது என்று நான் பதில் சொல்வேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். மற்றவர்கள் கப்பல் நிறுவனம் கஞ்சத்தனத்துக்குச் சட்டத்தைத் துணைக்கழைக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அந்த முணுமுணுப்பில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எடுத்துச் செல்லும் உணவு குறைந்தால் செலவு குறைகிறது என்பது மேலாளர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கப்பலுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வடகோளத்தின் கோடையில் அலாஸ்காவுக்குப் போகும் கப்பல்களை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தோல்வி. அவர்களுடைய முறைப்படி, வெப்பநிலைக் கட்டுப்பாடில்லாமல் வெளியே வைத்த உணவை 4 மணி நேரத்தில் எறிந்துவிட வேண்டும். அப்படிப் பழகிய சமையலறையின் ரொட்டிச் சுருள், வெயிலில் நிற்கும் பேருந்தின் இருக்கையில் ஆறு மணி நேரம் கிடந்தபின் ஒருவரின் வயிற்றுக்குள் போனால், மாலையில் அவர் வந்து படுப்பது கப்பல் மருத்துவரின் அறையில்தான்; நோயாளிக் கணக்கும் கப்பலின் பெயரில்தான் ஏறும்.

அறிவிப்புப் பலகைகளால் பயன் சிறிதே. ஒலிபெருக்கியில் துறைமுகத்தின் பெயருக்கும் வானிலைக்கும் பின் வரும் விதியை யாரும் காதில் வாங்குவதில்லை. உண்மையில் மாற்றம் வந்தது பஃபே மேசையை மாற்றியபோது. கரை நாள்களின் காலையில் முழுப் பழங்களை வைப்பதை நிறுத்தி, தர்ப்பூசணி, அன்னாசி, முலாம்பழம் ஆகியவற்றை வெட்டிக் கிண்ணங்களில் வைத்தோம். வேகவைத்த முட்டையை ஓடு உரித்தே பரிமாறினோம். உரித்த முட்டையை யாரும் கைப்பையில் போடுவதில்லை. இதற்குச் சமையலறையில் எதிர்ப்பு இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு இருவர் கூடுதலாக நின்று பழம் வெட்ட வேண்டும். வெட்டியதில் மிஞ்சியது வீண். ஆனால் கப்பலேணியின் அருகே வைத்திருந்த தொட்டியில் வாழைப்பழங்கள் குவிவது கண்கூடாகக் குறைந்தது. மூன்று வாரங்கள் முகம் சுளித்த தலைமைச் சமையற்காரரும் அதன்பின் பேச்சை விட்டுவிட்டார்.

எல்லோரையும் மேசையால் மட்டும் சமாளித்துவிட முடியாது. சிட்னித் தமிழ்க் குடும்பமொன்றின் மூத்த அம்மையார், தேநீருக்கு வைத்திருந்த வாழைப்பழம் ஒன்றை முந்தைய மாலையே எடுத்து வைத்திருந்தார். நான் தமிழன் என்று அறிந்ததும் உரிமையோடு கேட்டார்: “தம்பி, எனக்குச் சர்க்கரை இருக்கு. வழியில மயக்கம் வந்தா நான் என்ன பண்றது? ஒரு பழந்தானே?” சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு அது இடமில்லை. “அம்மா, பழத்தை இங்கேயே சாப்பிட்டுடுங்க, இதைக் கையில வச்சுக்குங்க” என்று மூடிய பிஸ்கட் பொட்டலம் இரண்டைக் கொடுத்தேன். என் கண்முன்னே பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தோலை என்னிடமே நீட்டினார். நீரிழிவுக்காரர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் கொடுக்க அத்தகைய பொட்டலங்களை ஒரு கூடையில் வைத்திருக்க வேண்டுமென்று பிறகு கேட்டுப் பெற்றேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லும் பணியாளர் சண்டையைச் சம்பாதிப்பார். மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவருக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கரையில் சில நாள்களில், உணவை மோப்பம் பிடிக்கப் பழக்கிய பீகிள் நாய் நிற்கும். அது குரைக்காது, பாயாது; வாசனை பிடித்த பையின் அருகில் வந்து அமைதியாக உட்காரும். உட்கார்ந்ததைக் கண்டு குழந்தைகள் தட்டிக்கொடுக்கக் கை நீட்ட, பெற்றோரின் முகம் வெளுக்கும். சென்ற வாரம் வைத்திருந்த ஆரஞ்சின் வாடைக்குக்கூட அது உட்காரும் என்பதால் வெறும் பையோடு நின்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு.

தொட்டியில் சேர்ந்தவற்றைக் கரைக் குப்பையில் போடக் கூடாது. பையை இறுகக் கட்டித் திரும்பக் கப்பலுக்குள் கொண்டுவந்து எரிகலனுக்கு அனுப்புவோம். மற்ற உணவுக் கழிவைக் கடலில் விடுவதற்கும் பன்னாட்டு விதி இருக்கிறது: 25 மில்லிமீட்டர் சல்லடையில் விழும்படி அரைத்தால் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பால், அரைக்காவிட்டால் 12 கடல்மைலுக்கு அப்பால்.

இவ்வளவும் பயணிகளுக்கு மட்டுமானது என்று எண்ணிவிட வேண்டாம். தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள், ஊறுகாய், பருப்புப்பொடி ஆகியவற்றோடு அம்மா செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்த கறிவேப்பிலையையும் பெட்டியில் வைத்திருப்பார்கள். இலைதானே அண்ணே என்பார்கள். ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 2005இல் உறுதிசெய்யப்பட்ட பச்சையாதல் நோயைச் சுமக்கும் சிறுபூச்சி தங்கி வளரும் செடிகளில் கறிவேப்பிலையும் ஒன்று. புயல்களும் சேர்ந்துகொண்டதில் அம்மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் இருபது ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எனவே மயாமியிலோ சிட்னியிலோ கப்பலேறப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டால், பச்சை இலையை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்வேன். மற்றவற்றையெல்லாம் படிவத்தில் ஒன்று விடாமல் எழுதி, அதிகாரி கேட்குமுன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன். அறிவித்த பொருளை அவர்கள் பறித்து எறியலாம். அறிவித்ததற்காக அபராதம் போடுவதில்லை.