எந்த 250எஃப், எந்த ஞாயிறு?

பழைய இத்தாலியப் பந்தயக் கார்களைச் சிறு மாடலாகச் செய்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மசெராட்டி 250எஃப் என்று பொதுவாக ஒரு கார் கிடையாது. 1954 முதல் 1960 வரை அந்தப் பெயரில் ஓடியவற்றில் மூக்கின் நீளம், பானட்டில் லூவர் (காற்றுப் பிளவு) வரிசைகள், எக்ஸாஸ்ட் குழாய் முடியும் இடம் எல்லாமே வண்டிக்கு வண்டி மாறும். சில சமயம் ஒரே வண்டியிலேயே பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். அதனால் கிட் (மாடலுக்கான பாகத் தொகுப்பு) பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: '1957 ஆகஸ்ட் 4, நூர்பர்க்ரிங், ஃபாஞ்சியோ, எண் 1, சேஸிஸ் 2529'. தேதி, பந்தயத் தடம், ஓட்டுநர், பந்தய எண், வண்டிச் சட்டத்தின் (சேஸிஸ்) எண் எல்லாம் அடங்கிய இந்த வரி இல்லாமல் படம் சேர்க்க ஆரம்பித்தால் மூன்று வெவ்வேறு கார்களின் பாகங்கள் ஒரே மாடலில் வந்து உட்காரும். பயிற்சி நாள் படங்களையும் பந்தய நாள் படங்களையும் கலக்கக் கூடாது. இடையில் ஒரு ராத்திரி இருக்கிறது, மெக்கானிக்குகள் அதை வீணாக்குவதில்லை.

சேஸிஸ் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போவதிலும் சிக்கல் உண்டு. எல்லை தாண்டும்போது சுங்கக் காகிதத்தில் எந்த எண் இருந்ததோ அந்தத் தகட்டை வேறு வண்டியில் பொருத்துவது அன்றைய தொழிற்சாலை அணிகளிடம் சாதாரணம். எண்ணையும் படத்தையும் ஒப்பிட்டு, முரண்பட்டால் படத்தையே நம்புங்கள். ஃபெராரியில் ஒரு சின்ன வசதி: அந்தக் காலத்தில் பந்தய வண்டிகளுக்கு இரட்டைப்படை எண், சாலை வண்டிகளுக்கு ஒற்றைப்படை. 250 ஜிடிஓ பந்தயத்துக்கென்றே பிறந்தாலும் ஜிடி (சாலைக் கார் அடிப்படையிலான பந்தய) வகையில் பதிவானது. ஆகவே 3223ஜிடி போல ஒற்றைப்படைதான்.

பிழைத்திருக்கும் காரை நேரில் பார்த்து அளப்பதே சிறந்த வழி என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. தூரினோவின் தேசிய கார் அருங்காட்சியகம், ஆரெஸேயில் ஆல்ஃபா ரோமியோவின் அருங்காட்சியகம், மொதெனாவில் பானினி சேகரிப்பு எல்லாம் பொக்கிஷங்களே. ஆனால் இன்றும் வரலாற்றுப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளில் உருளல் தடுப்புக் கம்பி, மின்துண்டிப்பு சுவிட்ச், எஃகுப் பின்னல் ஹோஸ், புது வகை டயர் எல்லாம் ஏறியிருக்கும். பெயின்ட் கண்ணாடி போல மின்னும். அன்றைய நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட் அப்படி மின்னியதில்லை. சேஸிஸ் குழாயின் விட்டம், பெடல்களின் அமைப்பு, ரிவெட் இடைவெளி போன்றவற்றுக்குப் பிழைத்த காரை நம்பலாம். உடல் வடிவம், நிறம், எண், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றுக்கு அன்றைய படங்களே சாட்சி. பெட்ரோல் இல்லாமல் நிற்கும் கண்காட்சிக் கார், டேங்க் நிரம்பித் தொடக்கக் கோட்டில் நிற்கும் காரைவிட உயரமாக இருக்கும்.

சில கார்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, ஏனென்றால் கார் இல்லை. 1961இன் சுறாமூக்கு ஃபெராரி 156 ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று ஓடுபவை எல்லாம் பின்னாளில் கட்டிய நகல்கள். நகலைப் பார்த்து மாடல் செய்தால் நகலின் நகல்தான் வரும். ஃபியட் 806 இன்னும் சுவாரசியம்: 1927 செப்டம்பரில் மொன்ஸாவில் பொர்தீனோ ஓட்டி ஜெயித்த ஒரே பந்தயத்தோடு அதன் கதை முடிந்தது, கார் அழிக்கப்பட்டது. மாடல் கிட் நிறுவனமான இத்தாலெரி 1/12 அளவில் இதன் கிட்டை வெளியிட்டிருக்கிறது. ஒரே பந்தயம் என்பதால் தேடவேண்டிய படங்களும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். புதிதாக ஆராய்ச்சியில் இறங்குபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

லான்ச்சா டி50 இதற்கு நேர் எதிர். 1954 இறுதியிலும் 1955லும் ஓடியபோது முன், பின் சக்கரங்களுக்கு நடுவே இருபுறமும் டேங்குகள் உடலிலிருந்து விலகித் தொங்கின. 1955 கோடையில் கார்கள் ஃபெராரி கைக்குப் போயின. 1956இல் எரிபொருள் வாலுக்கு நகர்ந்தது, பக்கப்பெட்டிகள் உடலோடு ஒட்டிவிட்டன. 1955இல் மொனாக்கோ துறைமுகத்தில் விழுந்த ஓட்டுநர் அஸ்காரியின் 26ஆம் எண் காருக்கு 1956 படம் எதுவும் உதவாது.

படத்தைப் படிப்பதிலும் வேலை இருக்கிறது. முதலில், நெகடிவ் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எண் 1, 8, 11 எல்லாம் திருப்பினாலும் அப்படியே தெரியும். 250எஃப்பில் எக்ஸாஸ்ட் இடப்பக்கம், கார்புரேட்டர்கள் வலப்பக்கம். அதை வைத்துச் சரிபார்க்கலாம். மில்லே மிலியா என்ற இத்தாலிய சாலைப் பந்தயத்தின் படங்களில் எண்ணே ஒரு கடிகாரம்: 1957இல் ஜெயித்த தாருஃபியின் 535, காலை 5.35க்குப் புறப்பட்டது என்று பொருள். வெளிச்சம் எந்தப் பக்கம், அழுக்கு எவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும் என்பதை இதிலிருந்து கணிக்கலாம்.

இனி அளவு. 250எஃப்பின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) 2280 மி.மீ. 1/24இல் அது 95 மி.மீ., 1/43இல் 53 மி.மீ. கிட்டில் முதலில் இதை அளந்து பாருங்கள். 1 மி.மீ. தவறினாலே தோற்றம் கெடும். பக்கவாட்டுப் படத்தில் இரு சக்கர மையங்களுக்கு நடுவே 912 பிக்சல் என்று வையுங்கள், பிக்சலுக்கு 2.5 மி.மீ. காற்றுக் கண்ணாடியின் உயரம் 100 பிக்சல் என்றால் 250 மி.மீ. என்று எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் வழுக்கும். பின்சக்கரத்தின் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே அளங்கள் (முன்சக்கரம் திரும்பியிருக்கலாம், அதை நம்பாதீர்கள்). அகலம், உயரத்தில் 0.95 பங்கு என்றால் கார் கேமராவுக்குச் சுமார் 18 டிகிரி திரும்பி நிற்கிறது, நீளம் 5 சதவீதம் சுருங்கியிருக்கிறது. உண்மை வீல்பேஸ் 960 பிக்சல். உயரத்துக்கான அளவுகோல் 2.375 மி.மீ. கண்ணாடி 237.5 மி.மீ.தான், 1/24இல் 10.4 அல்ல, 9.9. கிட் தயாரிப்பாளர்கள் செய்யும் 'கூரை கொஞ்சம் உயரம்' வகைப் பிழைகளில் பலவும் இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் சந்தேகம். தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்த படமாகத் தேர்ந்தெடுங்கள். அருகிலிருந்து எடுத்ததில் இந்தக் கணக்கு நிற்காது.

சக்கரத்திலும் ஒரு பொறி. 16 அங்குல ரிம் என்றால் டயரின் ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம், 406 மி.மீ. கண்ணுக்குத் தெரியும் வெளி உதடு சுமார் 35 மி.மீ. கூடுதல். 1/24இல் 16.9க்கும் 18.4க்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். போரானி நிறுவனச் சக்கரங்களின் ஆரக்கம்பிகளை எண்ணிப் பாருங்கள். 60, 72 இரண்டும் உண்டு. கம்பியின் தடிமன் சுமார் 4 மி.மீ.; 1/24இல் 0.17, 1/43இல் 0.1க்கும் கீழே. 0.3 மி.மீ. கம்பி போட்டால் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரமாகிவிடும். நிற்கும் கோணமும் முக்கியம்: 250எஃப்பின் பின்புறம் டி டியோன் அமைப்பு (இரு பின்சக்கரங்களையும் ஒரே குழாய் இணைக்கும்), அதனால் பின்சக்கரங்கள் நிமிர்ந்து நிற்கும். ஃபெராரி 156இல் முன்சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்.

மசெராட்டி டிப்போ 61இல் சேஸிஸ்தான் எல்லாமே: 10 முதல் 15 மி.மீ. விட்டமுள்ள சுமார் 200 குழாய்கள். 1/24இல் 0.4, 0.5, 0.6 மி.மீ. என்று மூன்று தடிமனில் கம்பி வாங்கினால் போதும். எல்லாவற்றையும் ஒரே தடிமனில் செய்தால் பறவைக்கூண்டு என்ற பட்டப்பெயருக்குப் பொருத்தமாக இருக்கும், காருக்கு இருக்காது.

சிவப்பைப் பற்றி: 'ரோஸோ கோர்ஸா' (பந்தயச் சிவப்பு) ஒரே நிறமல்ல. 1930களின் ஆல்ஃபாக்கள் கருஞ்சிவப்பு, 1960களின் ஃபெராரிகள் அதைவிட வெளிர். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாயலைத் தேடாதீர்கள். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கார் கிட்டத்தட்ட கறுப்பாக விழும். வண்ணப் படமும் பொய் சொல்லும்: பழைய எக்டாகுரோம் ஸ்லைடுகளில் சயான் சாயம் மங்கி எல்லாமே செவ்வூதாவாகும். அதே படத்தில் மெக்கானிக்கின் வெள்ளை உடையோ எண் வட்டமோ வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் சிவப்பை நம்புங்கள். இருட்டில் வைத்திருந்த கோடாகுரோம் பிலிம் அதிக நம்பகமானது. இத்தாலிய கார் என்றாலே சிவப்பு என்பதும் இல்லை. 1964இல் சர்ட்டீஸ் மெக்சிகோவில் பட்டம் வென்ற ஃபெராரி வெள்ளையும் நீலமும்.

சிவப்பு பெயின்ட்டுக்கு மறைக்கும் திறன் குறைவு, அதனால் பிரைமரே (அடிப்பூச்சே) நிறத்தைத் தீர்மானிக்கிறது. இளஞ்சிவப்பு பிரைமர் மேல் அது துலங்கும், சாம்பல் மேல் கருக்கும். அதே பெயின்ட்டை இரண்டு ஸ்பூனில் அடித்து, படத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுவிட்டு உடலைத் தொடுங்கள். சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட் என்றால் சாயம் மேலேறி வரும். வெள்ளி நிறப் படலம் ஒன்றை முதலில் அடித்துத் தடுக்க வேண்டும். எண் வட்டத்தின் வெள்ளை டீகாலும் (ஒட்டுப்படமும்) சிவப்பின் மேல் ரோஸாகத் தெரியும். வெற்று வெள்ளை வட்டம் ஒன்றை அடியில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, மேலே எண் உள்ளதை வையுங்கள். எண்கள் அன்று பெரும்பாலும் தூரிகையால் எழுதப்பட்டவை. கிட்டின் டீகாலில் இடப்பக்க 1உம் வலப்பக்க 1உம் ஒரே மாதிரி இருந்தால், அதை ஒதுக்கிவிட்டு இரு பக்கப் படங்களிலிருந்தும் தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள்.