இடது கைக் குறிப்புகள்

14 டிசம்பர் 2025, ஞாயிறு

வலது கை கட்டுக்குள். இடது கையால் தட்டுகிறேன். இந்த ஒரு வரிக்கே இரண்டு நிமிடம்.

15 டிசம்பர், திங்கள்

சுண்டுவிரல் அசையவில்லை. மோதிரவிரல் கொஞ்சம்.

ஆரணியிலிருந்து நண்பனின் மெசேஜ்: "லிஸ்ட் ரெடியா?" ப்ளஸ் டூவில் நோட்டுப் பேப்பரில் ஆரம்பித்த பழக்கம். டிசம்பர் 31 ராத்திரி, அந்த வருஷம் வந்த ஸ்ட்ராட்டஜி கேம்களில் முதலிடம் எதற்கு என்று இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொள்வோம். காரணமும் எழுத வேண்டும். காரணம் இல்லாத பெயர் செல்லாது. இந்த வருஷம் விட்டுவிடலாமே என்று பாதி எழுதி அழித்தேன். "ரெடி ஆகுது" என்று போட்டுவிட்டேன்.

16 டிசம்பர், செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. நாலரை மணிக்கே கோயில் ஸ்பீக்கர். எப்படியும் நான் விழித்துத்தான் இருந்தேன்.

வலது கையைத் தலையணைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு டெம்பெஸ்ட் ரைசிங்கைத் திறந்தேன். ஏப்ரலில் வந்தபோது பத்து நாள் வேறெதையும் தொடவில்லை. தொண்ணூறுகளின் கமாண்ட் அண்ட் கான்கரை மறுபடி எழுப்பி உட்கார வைத்த மாதிரி இருக்கும். அறுவடை வண்டி, மின் நிலையம், தொழிற்சாலை, டாங்கிப் படை. அப்போதெல்லாம் இடது கை கீபோர்டில் எண்ணை அழுத்திப் படையைக் கூப்பிடும், வலது கை மவுஸில் அனுப்பும். யோசிக்கவே வேண்டாம். இன்று மவுஸை இடப்பக்கம் வைத்து ஒற்றைக் கையால் ஆடினேன். வண்டியைப் பார்க்கப் போனால் டாங்கி போகிறது. டாங்கியைப் பார்த்தால் மின் நிலையம் எரிகிறது. இருப்பதிலேயே சுலபமான நிலையில் வைத்தும் ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அழுகை வந்தது. எழுதி வைக்கிறேன், வந்தது.

18 டிசம்பர், வியாழன்

ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்கு எடுத்த டோக்கனுக்குப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். வரிசையில் பாதிப் பேர் வங்காளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம், ரயிலில் இரண்டு ராத்திரி வந்த களைப்பு முகத்தில் அப்படியே. அவர்கள் பையன் போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தான். குதிரையை எங்கே வைக்கப் போகிறான் என்று நான் எட்டிப் பார்க்க, அவன் போனை என் பக்கம் சாய்த்துக் காட்டினான். நான் இடது கை விரலால் ஒரு கட்டத்தைக் காட்டினேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு வேறு இடத்தில் வைத்தான். அவன் வைத்ததுதான் சரி.

டாக்டர் சுண்டுவிரல் நுனியைப் பேனா முனையால் தொட்டார். தெரிகிறதா? தெரியவில்லை. இங்கே? தெரியவில்லை. "மூணு வாரம் பார்க்கலாம். வரலேன்னா மறுபடி திறந்து பார்க்கணும்."

மூன்று.

ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸில் அடிபட்டு விழுந்தவன் தலைக்குமேல் 3 என்று ஓர் எண் நிற்கும். அவன் முறை வரும்போதெல்லாம் ஒன்று குறையும். அது தீர்வதற்குள் யாராவது ஓடிப்போய் எழுப்ப வேண்டும். தவறினால் படிகமாகவோ பெட்டியாகவோ மாறிவிடுவான், அப்புறம் அவன் இல்லை. 1997இல் பிளேஸ்டேஷனில் வந்த கேம். இந்த வருஷம் செப்டம்பர் 30 அன்று குரல்களோடு புதுப்பித்து வெளியிட்டார்கள். யாருடைய முறை எப்போது வரும் என்று ஓரத்தில் வரிசையாகக் காட்டுகிறார்கள், அது பெரிய உதவி. ஆனால் அந்த எண்ணை அப்படியே விட்டிருக்கிறார்கள். அக்டோபரில் ஆடும்போது அந்த 3 ஒரு கணக்காகத்தான் தெரிந்தது. வைத்தியக்காரன் நாலு கட்டம் தள்ளி இருக்கிறான், இரண்டு முறைக்குள் வந்துவிடுவான், பரவாயில்லை என்று வேறு வேலை பார்ப்பேன்.

ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் என் கைக்குமேல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

20 டிசம்பர், சனி

தி ஆல்டர்ஸ். ஜூனில் ஒரு தடவை முடித்தது. மறுபடி தொடங்கினேன். ஒற்றைக் கைக்கு அது இடம் கொடுக்கும் என்று நினைத்தேன், முழுக்கக் கொடுக்கவில்லை.

ஜான் டோல்ஸ்கி ஒரு வேற்றுக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறான். சூரியன் உதித்தால் எரிந்துபோவான், அதற்குள் சக்கரம் போன்ற அந்தப் பெரிய தளத்தை நகர்த்த வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. அதனால் தன்னையே வேறு வேறாகச் செய்துகொள்கிறான். ஊரைவிட்டுப் போகாத ஜான், படிப்பைத் தொடர்ந்த ஜான், அப்பாவை எதிர்த்து நின்ற ஜான். வாழ்க்கையில் ஏதோ ஓர் இடத்தில் வேறு முடிவெடுத்தவர்கள். எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்கிறார்கள். ஃப்ராஸ்ட்பங்க் செய்த 11 பிட் ஸ்டுடியோஸ்தான் இதையும் செய்தது. ஆளையும் நேரத்தையும் பங்கு போடும் கணக்கு அதில் போலவே இதிலும் உண்டு. ஆனால் இதில் பங்கு போடுகிற ஆளும் நான், பங்குக்குப் போகிற ஆளும் நான்.

எனக்கும் அப்படி, அன்று பாகாயம் வழியாகப் போன ஒருவன் இருக்கிறான். நான் அடிபட்ட தொரப்பாடி வளைவுப் பக்கமே அவன் வரவில்லை. இப்போது இரண்டு கையாலும் டைப் அடித்துக்கொண்டிருப்பான். அவனோடு ஒரே மேஜையில் என்னால் சாப்பிட முடியாது.

21 டிசம்பர், ஞாயிறு

அந்த வளைவில் மணல் இன்னும் அப்படியே கிடக்கிறதாம். பால்காரர் சொன்னார்.

23 டிசம்பர், செவ்வாய்

லிஸ்ட்டுக்காகச் சும்மா குறித்து வைக்கிறேன். ஆன்னோ 117: அழகு. இந்த முறை சாலையைக் குறுக்காகவும் போடலாம், அதனால் ஊர் நிஜ ஊர் மாதிரி வளைகிறது. லாட்டியமா ஆல்பியனா என்று ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுக்கிற இடம் நன்றாக இருந்தது. நவம்பரில் வந்தது, இன்னும் பாதி ஆடவில்லை, தீர்ப்பு சொல்ல மாட்டேன். டூ பாயின்ட் மியூசியம்: அம்மாவுக்குப் பிடித்தது. எனக்கும்.

கை வீங்கியிருக்கிறது. நிறுத்துகிறேன்.

24 டிசம்பர், புதன்

அரையாண்டு பரீட்சை முடிந்து அக்கா பையன் அரக்கோணத்திலிருந்து வந்துவிட்டான். வந்ததும் கையைத்தான் பார்த்தான். "மாமா, உள்ள கம்பி இருக்கா? எத்தனை?" இரண்டு என்றேன். "வலிக்குமா?" வலிக்கும் என்றேன். அவ்வளவுதான், அப்புறம் பை எடுத்துவைக்கப் போய்விட்டான். பத்து நாளாக வந்து பார்த்தவர்களில் இவன் ஒருவன்தான் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லவில்லை.

25 டிசம்பர், வியாழன்

இரண்டு.

26 டிசம்பர், வெள்ளி

சிவிலைசேஷன் 7. பிப்ரவரி 11 அன்று வந்தபோது ஆரணிக்காரனும் நானும் போனிலேயே சண்டை போட்டோம். ஒரு நாகரிகத்தைக் கையில் எடுத்தால் கற்காலத்திலிருந்து ராக்கெட் வரை அதுவேதான் என்பது இத்தனை வருஷ வழக்கம். இதில் மூன்று யுகம், யுகம் மாறும்போது நாகரிகமும் மாற வேண்டும். அவனுக்கு அது துரோகம். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் இரண்டாம் யுகத்தில் சோழர் இருந்தார்கள்.

இன்று பையனுக்காக முதலிலிருந்து ஆரம்பித்தேன். தலைவர் அசோகர், முதல் யுகத்தில் மௌரியர். டர்ன் முறை ஆட்டம், யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் இடது கையால் மவுஸ், அவன் கீபோர்டு. மத்தியானத்துக்குள் சோழர் வந்துவிட்டார்கள். துறைமுகத்தில் அவர்களுக்கே உரிய கப்பல் வந்து நின்றது. பையன் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி "காலம்" என்று படித்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே, "கலம்டா. மரக்கலம்" என்றார். கொஞ்ச நேரத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று இரண்டு கட்டடங்கள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஐந்நூற்றுவர் பேரில் ஒரு வட்டாரமே உருவாகும். "கடல் கடந்துபோன வணிகக் குழுங்கடா அதெல்லாம். இதை எவன்டா வெள்ளைக்காரனுக்குச் சொன்னது?" அப்பா என் கேம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு முப்பத்தொரு வயது.

சாயங்காலம் யுகம் முடிந்தது. அடுத்து யாராக வேண்டும் என்று கேட்டு, முகலாயரை முன்னால் நிறுத்தியது. பையனுக்குக் கோபம். "சோழர் எப்படி மாமா முகலாயர் ஆவாங்க?" ஆரணிக்காரன் பிப்ரவரியில் கேட்ட அதே கேள்வி. அப்பா சொன்னார், "தஞ்சாவூர்ல உட்கார்ந்து கேட்டா அது கோபப்பட வேண்டிய கேள்வி. நம்ம பக்கம் அதானே நடந்தது? இது சோழர் ஆண்ட மண்ணு. அப்புறம் விஜயநகரம், பீஜப்பூர், மராட்டியர். கடைசியில ஆற்காட்டு நவாப். நவாப்ப வெச்சது யாரு? டெல்லி. பாலாத்தங்கரையில நிக்கிற வாசலுக்கு டெல்லி கேட்னு ஏன் பேரு வெச்சான்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பட்டனையும் அழுத்தவில்லை. அந்த இடத்திலேயே சேவ் செய்து வைத்திருக்கிறேன்.

28 டிசம்பர், ஞாயிறு

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5. நவம்பர் 4 அன்று வந்தது. முந்தையது 2013இல் வந்தது, அதற்கும் இதற்கும் பன்னிரண்டு வருஷம். தி கேம் அவார்ட்ஸில் ஸ்ட்ராட்டஜி விருதுக்கான ஆறு பெயர்களில் இதைச் சேர்க்கவில்லை. ஜுராசிக் வேர்ல்டு இருக்கிறது, இது இல்லை. விருது யாருக்குப் போனாலும் போகட்டும், அந்தப் பட்டியலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஆட்டம் 1337 ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. நான் எடுத்தது விஜயநகரம், ஆரம்பித்து ஒரு வயதுகூட நிரம்பாத அரசு. அந்த வருஷம் நம் பக்கத்தில் படைவீட்டில் சம்புவராயர் உட்கார்ந்திருந்தார்கள். குமார கம்பணன் வடக்கேயிருந்து இறங்கி வந்து முதலில் இவர்களை அடக்கினான், அதற்குப் பிறகுதான் மதுரை சுல்தான்மீது போனான். இதுவும் அப்பா சொன்னதுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் பேச்சே நிற்கவில்லை. நிற்க வேண்டாம்.

இதில் டர்ன் கிடையாது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உலகமே நின்றுவிடும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், எத்தனை கட்டளை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஸ்பேஸ் பார் பையன் பொறுப்பு. நான் "ம்" என்றால் தட்டுவான். சாயங்காலத்துக்குள் நான் "ம்" சொல்வதற்கு முன்பே தட்டத் தொடங்கிவிட்டான். எல்லையில் படை தெரிந்தாலே நிறுத்தி, என் முகத்தைப் பார்க்கிறான். வாணிபத்தை இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டேன், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் இப்படி ஒப்படைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இப்போது என்னிடம் இருப்பது ஒரு கை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்தாக வேண்டும்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. இதில் ஓர் ஊர் வரைபடத்தில் உன் நிறத்தில் இருப்பதால் மட்டும் அது உன்னுடையது ஆகிவிடாது. தலைநகரிலிருந்து தூரம் போகப் போகக் கட்டுப்பாடு குறைந்துகொண்டே போகும். மலை குறுக்கே வந்தால் இன்னும் குறையும். கடைக்கோடி ஊர் பெயருக்குத்தான் உன்னுடையது. வரியும் வராது, ஆளும் வராது. சாலை போட வேண்டும், அதிகாரியை உட்கார வைக்க வேண்டும், வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்போது அந்த எண் மெல்ல மெல்ல ஏறும். சிவப்பாக இருந்த ஊர் மஞ்சளாகும்.

சுண்டுவிரலைப் பார்க்கிறேன். என் உடம்புதான். நிறமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

30 டிசம்பர், செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. அம்மா இரண்டு மணிக்கே எழுந்து பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். துளசியைக் கட்டுக்குள் செருகினாள். எடுக்கவில்லை.

31 டிசம்பர், புதன்

அனுப்பிவிட்டேன். முதலிடம் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5. காரணம்: அது நிற்கச் சொன்னால் நிற்கிறது. இதைவிட நீளமாக எழுதியிருந்தேன், கட்டுப்பாடு, சாலை எல்லாம். அழித்துவிட்டேன். இரண்டாவது ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸ், மூன்றாவது தி ஆல்டர்ஸ். சிவிலைசேஷனை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு கேமாக அது ஐந்தாம் இடத்துக்கு மேல் வராது. ஆனால் அந்த நாற்காலி இழுத்த சத்தம்.

அவன் அனுப்பியது டெம்பெஸ்ட் ரைசிங். முதலிடம். காரணம்: "கை வேகத்துக்கும் மூளைக்கும் நடுவுல இடைவெளியே இல்லாத ஒரே கேம் இந்த வருஷம் இதுதான்." சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். போன வருஷம் என்றால் நானே எழுதியிருப்பேன்.

பதில் போடவில்லை.

1 ஜனவரி 2026, வியாழன்

ஒன்று.

3 ஜனவரி, சனி

மொட்டை மாடியில் பையனுக்கு மலைகளைக் காட்டினேன். சஜ்ரா, கோஜ்ரா. மராட்டியப் படை 1677இலிருந்து ஓராண்டுக்கு மேல் வேலூர்க் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. உள்ளே பீஜப்பூர்த் தளபதி, சுற்றிலும் அகழி. "அவ்ளோ நாள் வெளிய இருந்தவங்க என்ன மாமா பண்ணாங்க?" சமைத்திருப்பார்கள், பீரங்கியைத் துடைத்திருப்பார்கள், ஊருக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள் என்றேன். "உள்ள இருந்தவங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

4 ஜனவரி, ஞாயிறு

காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டோம். ஏறும்போது சொல்லிவிட்டுப் போனான்: "நான் வர்ற வரைக்கும் முகலாயர அழுத்தாத."

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆரணி வண்டி. லிஸ்ட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. லேப்டாப்பைத் திறந்தான், டெம்பெஸ்ட் ரைசிங் போட்டான், கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மவுஸை என் இடது கைப்பக்கம் தள்ளினான். அவன் எண்ணை அழுத்துவான், நான் அனுப்ப வேண்டும். முதல் ஆட்டம் தோல்வி, இரண்டாவதும். ஒருவர் மேல் ஒருவர் கத்தினோம், அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது ஆட்டத்தில் அவன் 2 அழுத்தும்போதே மவுஸ் பாலத்துக்கு வந்துவிட்டது. நாற்பது நிமிடம். ஜெயித்தோம்.

அவன் போனபிறகு கவனித்தேன், அந்த நாற்பது நிமிடமும் விரலைப் பார்க்கவே இல்லை.

6 ஜனவரி, செவ்வாய்

கை மரத்துப் போகிறதா, இல்லை ஏதோ ஊர்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு உள்ளங்கை ஓரத்தில் எறும்பு ஊர்வது போல. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எறும்பு இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

7 ஜனவரி, புதன்

அப்பா டோக்கனுக்கு ஆறு மணிக்கே போகிறேன் என்கிறார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்.

விஜயநகரம் 1351இல் நிற்கிறது. தெற்கே போகும் சாலை பாதியில் இருக்கிறது, முடிய இன்னும் எட்டு மாதம் என்று காட்டுகிறது. நானே ஸ்பேஸ் பாரைத் தட்டி ஓடவிட்டேன். நாலு மாதம் போனது. படுக்க வேண்டும், நிறுத்திவிட்டேன்.

மறுபடியும் அந்த எறும்பு. இப்போது விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.