சால்மிங்கின் கை

2022 நவம்பரில் ஒரு வார இறுதி. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியின் ஆட்டம் தொடங்கும் முன், அந்த அணியின் பழைய வீரர் போர்யே சால்மிங்கை ஐஸுக்கு அழைத்து வந்தார்கள். 71 வயது. தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோய் அவருடைய பேச்சை எடுத்துவிட்டிருந்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பதிலுக்குக் கையசைக்க அவரால் முடியவில்லை. பழைய கூட்டாளி டரில் சிற்லர் அழுதுகொண்டே அவருடைய கையைப் பிடித்து மேலே உயர்த்தினார்.

வீட்டில் ரிவி முன்னால் நானும் அழுதேன். மகன் திரும்பிப் பார்த்தான். "அம்மா, உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியும். அவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் நான் பராமரித்த ஒரு பெரியவர். ஸ்காபரோவில் வீடுகளுக்குப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அந்தப் பெரியவருக்கும் இதே நோய். நான் போகத் தொடங்கியபோது அவர் இன்னும் பேசுவார், சொற்கள் மட்டும் குழறும். சனிக்கிழமை இரவுகளில் லீஃப்ஸ் ஆட்டம் பார்த்தே ஆக வேண்டும் அவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு ஹொக்கி ஒன்றும் விளங்காது. பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் அந்தக் கறுப்பு வட்டு, பக், எங்கே போகிறது என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடாது. "பக்கைப் பார்க்காதே, ஆட்களைப் பார்" என்பார். அப்படித்தான் பழகினேன்.

ஆட்டம் மந்தமாகும்போதெல்லாம் சால்மிங்கின் கதைக்குப் போய்விடுவார்.

சால்மிங் பிறந்தது ஸ்வீடனின் வடக்குக் கோடியில், கிருணா பக்கம். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழும்பாத ஊர். இரும்புச் சுரங்கம்தான் அங்கே பிழைப்பு. தகப்பன் சாமி என்ற வடபகுதிப் பழங்குடி இனத்தவர், சுரங்கத்தில் வேலை. சால்மிங்குக்கு 5 வயதாக இருந்தபோது அந்தச் சுரங்க விபத்திலேயே இறந்துபோனார். தமையன் ஸ்ரிக்கும் ஹொக்கிக்காரர்தான், அதுவும் தடுப்பாட்டக்காரர். தம்பி அவர் பின்னாலேயே போனான்.

பிறகு பிரைனாஸ் அணிக்காக ஆடி, 1971, 72 இரண்டு வருடமும் ஸ்வீடன் சாம்பியன். அதற்கடுத்த குளிர்காலத்தில் லீஃப்ஸின் ஆள்தேடுபவர் ஜெரி மக்நமாரா ஸ்வீடனுக்குப் போனார். அவர் பார்க்கப் போனது ஒரு கோல் காப்பாளரை. அந்தக் காப்பாளருக்குக் காயம் என்பதால் வேறொரு ஆட்டத்துக்குப் போனார். கனடாவிலிருந்து வந்த ஒரு முரட்டு அணியோடு பிரைனாஸ் ஆடிய ஆட்டம் அது. அதில் சால்மிங் பின்வாங்கவில்லை, கடைசியில் நடுவர் அவரை வெளியேற்றிவிட்டார். மக்நமாரா உடைமாற்றும் அறைக்கே போய், "ரொறன்ரோவுக்கு ஆட வருகிறாயா?" என்று கேட்டுவிட்டார். இந்த இடத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பெரியவர் முகம் மலரும்.

1973 ஒக்ரோபரில் சால்மிங் ரொறன்ரோ அணிக்காக ஐஸில் இறங்கினார், கூடவே ஹம்மர்ஸ்ரோம் என்ற இன்னொரு ஸ்வீடன்காரரும். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் அதற்கு முன் ஆடிய ஸ்வீடன்காரர்கள் மிகச் சிலர்தான். 1965இல் உல்ஃப் ஸ்ரேர்னர் என்பவர் நியூயோர்க்கில் 4 ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பியிருந்தார். ஐரோப்பியர்கள் மென்மையானவர்கள், அடி வாங்கினால் ஓடிவிடுவார்கள் என்பது இங்குள்ளவர்களின் முடிவு. "சிக்கன் ஸ்வீட்" என்று எதிரணியினர் முகத்துக்கு நேரே கத்துவார்கள். ஸ்வீட் என்றால் ஸ்வீடன்காரன்; நாங்கள் கோழை என்பதை அவர்கள் கோழி என்பார்கள். பிலடெல்பியா அணி அந்தக் காலத்தில் அடிதடிக்கே பேர் போனது. அவர்களோடு ஆடும் இரவுகளில் ஹொக்கி மட்டையால் வெட்டு, முழங்கையால் இடி, வேண்டுமென்றே மோதல். சொந்த அணியின் முதலாளி ஹரோல்ட் பலார்டே, ஹம்மர்ஸ்ரோம் சட்டைப்பையில் 6 முட்டையோடு மூலைக்குப் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று சொன்னார். தன் அணிக்காக ஆட வந்த பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்ததோ. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இங்கே வந்த முதல் வருடங்களில் வேலைத்தலங்களில் எனக்கும் பெயர்கள் வைத்தார்கள். அதைப் பெரியவரிடம் ஒருநாள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சால்மிங் போகவில்லை" என்றார்.

போகவே இல்லை. 16 பருவம் ரொறன்ரோவில் ஆடினார். எதிரி அடிக்கும் பக்கை உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுப்பார். அந்தப் பக் உறையவைத்த ரப்பர், கல் மாதிரி இருக்கும். மகனின் ஹொக்கிப் பயிற்சியில் ஒன்று கணுக்காலில் பட்டு ஒரு கிழமை நொண்டினான், அப்போதுதான் எனக்கு அதன் கனம் விளங்கியது. தடுப்பதோடு சால்மிங் நிற்பதில்லை, பக்கை எடுத்துக்கொண்டு தானே முன்னேறிக் கோலுக்கு வழி செய்வார். லீஃப்ஸுக்காக 620 அசிஸ்ற், அதாவது மற்றவர்கள் போட்ட 620 கோலுக்கு அவர் வழி செய்திருக்கிறார். அந்த அணியில் இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை.

1986இல் டெற்றோயிற் அணியோடு ஆடும்போது கீழே விழுந்தவரின் முகத்தில் இன்னொருவரின் ஸ்கேற் கத்தி ஏறிவிட்டது. நெற்றியிலிருந்து வாய்ப்பக்கம் வரை கிழிசல், 200க்கும் மேற்பட்ட தையல். காயம் ஆறியதும் முகக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி ஐஸில் இறங்கினார். மகனுக்குக் கழுத்துக் காப்பு கட்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். இறுக்கமாக இருக்கிறது என்று முனகுவான், நான் தளர்த்துவதில்லை.

பெரியவருக்கு மிகவும் பிடித்த கதை 1976 செப்ரெம்பர். கனடா கப் போட்டி, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம். சால்மிங் அன்றைக்கு ஸ்வீடனின் சட்டையில், கனடாவுக்கு எதிராக. அவர் பெயரை அறிவித்ததும் ரொறன்ரோ ஜனம் எழுந்து நின்று கைதட்டியது, நிறுத்தவே இல்லை. எதிரணிக்காரருக்கு! பெரியவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். இந்தக் கதையைக் கடைசியாக அவர் சொன்னபோது குரல் போய்விட்டிருந்தது. எழுத்து அட்டையை நான் பிடிக்க, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்த, சரியான எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறப்பார். "நானும் எழுந்து நின்றேன்." அந்த ஒரு வரிக்கு நெடுநேரம் பிடித்தது. 2019 வசந்தத்தில் அவர் போய்விட்டார்.

அதனால்தான் அந்த இரவு சிற்லரின் கைகளை விட்டு என் கண் நகரவில்லை. இந்த நோயில் தசை வற்றிவிடும், கையைச் சும்மா பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நோகும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் தாங்கல் கொடுத்து மெதுவாக உயர்த்த வேண்டும். எனக்கு அதைப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். மற்றப்படி எத்தனையோ காலைகளில் அந்தப் பெரியவருக்குச் சட்டை போட்டுவிட்டுத்தான் கை பழகியது. சால்மிங் அந்த நிலையில் ஸ்வீடனிலிருந்து விமானத்தில் வருவதற்கு எவ்வளவு ஆயத்தம், எத்தனை பேரின் கை வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தார்.

அந்த வார இறுதியின் சனிக்கிழமை ஆட்டத்தை லீஃப்ஸ் 6 ஸ்வீடன்காரர்களை இறக்கித் தொடங்கியது, கோல் காப்பாளர் உட்பட. சால்மிங் பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பெரியவர் பார்க்கவில்லையே என்றிருந்தது.

12 நாள் கழித்து, நவம்பர் 24, சால்மிங் இறந்த செய்தி வந்தது. அந்த ஞாயிறு மகனைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்கு வெளியே நிற்கும் லீஃப்ஸ் வீரர்களின் வெண்கலச் சிலைகளுக்குப் போனேன். சால்மிங் எது என்று மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். நல்ல குளிர். கையுறையைக் கழற்றி அந்த வெண்கலக் கையைத் தொட்டேன். மகனும் தொட்டான். அப்புறம் அவனுக்குப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.